துண்டைத் திருப்பிப் பார்க்கும் நேரம்: குழந்தையோடு ஜிக்சா பசில் ஆட ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு மூன்றரை வயதில் ஒரு யானைப் பசில் வாங்கினோம். மொத்தம் 12 துண்டு. தும்பிக்கைத் துண்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, யானையின் கால் பக்கம் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "கொடு கண்ணு, இங்க வரும் பாரு" என்று வாங்கி, திருப்பி, பொருத்திவிட்டேன். அப்படியே இன்னும் நாலைந்து துண்டு. இரண்டு நிமிடத்தில் யானை முடிந்தது. அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று பசில் ஆடியது நான்தான். தும்பிக்கை ஏன் அங்கே பொருந்தவில்லை என்று அவள் உற்றுப் பார்த்திருப்பாள், கொஞ்சம் திருப்பியிருப்பாள், வேறு இடத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். அந்த அரை நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன். பசிலால் வரும் பலன் எல்லாமே அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த அரை நிமிடத்தைக் குழந்தையிடமே எப்படி விட்டுவைப்பது என்பதைப் பற்றித்தான்.

பசிலில் அப்படி என்ன இருக்கிறது?

இந்த விளையாட்டு பிறந்ததே பாடம் நடத்தத்தான். 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் மேலேயே அறுத்து விற்றார். பிள்ளைகள் அதைத் திரும்பச் சேர்த்துப் பூகோளம் படித்தார்கள். பூனையும் காரும் கார்ட்டூனும் பசிலுக்கு வந்ததெல்லாம் பிற்பாடு.

யானைப் பசிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு மட்டும் தெரிகிறது. அது காதா, முதுகா என்று குழந்தை ஊகிக்க வேண்டும். அதாவது பகுதியைப் பார்த்து முழுமையை மனத்தில் வரைய வேண்டும். யானையின் சாம்பலும் பின்னால் இருக்கும் பாறையின் சாம்பலும் ஒன்றல்ல என்று பிரித்துப் பார்க்க வேண்டும். துண்டு தலைகீழாக இருந்தாலும் அது அதே துண்டுதான் என்று தெரிய வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டே, 'காலுக்குப் பக்கத்தில் வைத்தோம், பொருந்தவில்லை' என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எ-வையும் ஏ-வையும், ன-வையும் ண-வையும் பிரித்தறியும்போது கண் இதே மாதிரியான சின்ன வித்தியாசங்களைத்தான் தேடுகிறது.

இவற்றில் முக்கியமானது, ஒரு வடிவத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்ப்பது. பசில் ஆடப் பழகும் குழந்தை முதலில் கையால்தான் திருப்பும். நாளாக நாளாக, துண்டைத் தொடுவதற்கு முன்பே 'இது இப்படித் திரும்பினால் உட்காரும்' என்று அதற்குத் தெரிய ஆரம்பிக்கும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லெவினும் அவர் குழுவினரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தொட்டுப் பேசுகிறது. 53 குழந்தைகளை, 26 மாத வயது முதல் 46 மாதம் வரை, நாலு மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போய்க் கவனித்தார்கள். பசில் ஆடச் சொல்லவில்லை. வழக்கம்போல் இருக்கச் சொல்லிவிட்டு, யார் தாமாகப் பசில் எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகு 54 மாத வயதில் வடிவங்களை மனத்தில் நகர்த்தியும் திருப்பியும் பார்க்கும் சோதனை ஒன்றை வைத்தார்கள். பெற்றோரின் வருமானம், படிப்பு, பேச்சளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், பசில் ஆடிய பிள்ளைகள் அதில் மேலாகச் செய்தார்கள். இது கவனித்து எழுதிய ஆய்வுதான். பசில்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல இது போதாது. 'பசில் ஆடினால் மூளை இத்தனை சதவீதம் வளரும்' என்று பெட்டியில் போட்டிருந்தால் நம்ப வேண்டாம்.

அதே ஆய்வில் வந்த இன்னொரு செய்தி என்னை யோசிக்க வைத்தது. பையன்களும் பெண் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பசில் ஆடினார்கள். ஆனால் பையன்கள் ஆடிய பசில்கள் கொஞ்சம் கடினமாக இருந்தன, பெற்றோரும் அவர்களோடு அதிக ஈடுபாட்டோடு உட்கார்ந்தார்கள். உங்கள் வீட்டில் பெண் குழந்தை இருந்தால், அவள் கைக்கு எந்தப் பசில் போகிறது, அவளோடு எவ்வளவு நேரம் உட்காருகிறோம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: குழந்தைக்கு ஏற்ற பசில்

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதைவிடக் குழந்தை இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். இருந்தாலும் ஆரம்பிக்க ஓர் அளவு வேண்டுமே. ஒன்றரை வயதை ஒட்டி, பலகையில் வெட்டிய குழிக்குள் ஒரு முழு உருவத்தை வைக்கும் பசில் போதும். ஆப்பிள் குழியில் ஆப்பிள், மீன் குழியில் மீன். ஒவ்வொரு துண்டிலும் பிடித்துத் தூக்க ஒரு குமிழ் இருந்தால் நல்லது. மாண்டிசோரி வகுப்புகளில் இந்தக் குமிழ்த் துண்டுகளைப் பார்க்கலாம். மூன்று விரலால் குமிழைப் பிடிக்கிற பிடிதான் பிறகு பென்சில் பிடிக்கிற பிடி. (இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னைக்கே வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இந்த மரப்பலகைகளுக்கு நம் ஊரில் பழைய உறவு உண்டு.)

இரண்டு, இரண்டரை வயதில் ஒரே படத்தை இரண்டாக, மூன்றாக, நாலாக வெட்டியவை. மூன்று வயதில் 6 முதல் 12 துண்டு. நாலு வயதில் 12 முதல் 24. ஐந்தில் 24 முதல் 48. ஆறு, ஏழு வயதில் 60, 100 என்று போகலாம். ஆர்வமுள்ள எட்டு வயதுப் பிள்ளை 200 துண்டைச் சேர்ப்பதும் உண்டு, பத்து வயதில் முதல் பசிலைத் தொடுகிற பிள்ளை 24-ல் ஆரம்பிப்பதும் உண்டு. இரண்டிலும் குறை ஒன்றும் இல்லை.

சரியான பசில்தானா என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். கொடுத்துவிட்டுப் பேசாமல் பாருங்கள். தயங்காமல் கடகடவென்று சேர்த்துவிட்டால் அது சுலபம். ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டுகூட உட்காரவில்லை என்றால் கஷ்டம். சிலது சட்டென்று உட்கார்ந்து, சிலதுக்கு மட்டும் குழந்தை முகத்தைச் சுளித்து யோசித்தால், அதுதான் வேண்டிய பசில்.

துண்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், படத்தையும் பாருங்கள். பாதிப் படம் நீலவானமாக இருக்கும் 24 துண்டைவிட, பல நிறத்தில் கடைகளும் வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த 48 துண்டு சுலபமாக இருக்கும். ஒவ்வொரு துண்டிலும் பேசுவதற்கு ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: ஒரு வால், ஒரு சக்கரம், பூக்காரம்மா கூடையின் விளிம்பு.

மூன்று வயதுக்குக் கீழே வாய்தான் முதல் கை. சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள உருளைக்குள் முழுதாக விழுந்துவிடும் துண்டுகள் தொண்டையில் சிக்கலாம், அந்த வயதுக்கு அவை வேண்டாம். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அது இருக்கிறதா என்று பாருங்கள். மரத் துண்டாக இருந்தால் விளிம்பை விரலால் தடவி, சிலாம்பு நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

தரையில் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பெரிய தட்டோ விளிம்புள்ள ட்ரேயோ வைத்து ஆடுவதுதான் வசதி. துண்டு சோபாவுக்கு அடியில் ஓடாது. பாதியில் சாப்பிடக் கூப்பிட்டால் தட்டோடு தூக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். தலைக்கு மேலே டியூப்லைட் மட்டும் இருந்தால் பளபளப்பான அட்டையில் அது பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். டிவி ஓடக் கூடாது.

தூக்கக் கலக்கத்திலும் பசியிலும் பசிலைக் கொடுக்காதீர்கள். மூன்று வயதுக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை தானாக நீட்டினால் நீளட்டும்.

புதுப் பசில் வீட்டுக்கு வந்த அன்றே, எல்லாத் துண்டுகளின் பின்பக்கத்திலும் ஒரே நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். யானைக்குச் சிவப்பு, ரயிலுக்குப் பச்சை. ஐந்து பசில் ஒன்றாகக் கலந்து கிடக்கிற நாள் கட்டாயம் வரும். அன்று இந்தப் புள்ளி கை கொடுக்கும், பிரித்து வைக்கிற வேலையையும் குழந்தையே செய்துவிடும்.

மூன்றாம் படி: கடைசித் துண்டிலிருந்து ஆரம்பியுங்கள்

புதிதாக ஆடும் சின்னக் குழந்தையின் முன் எல்லாத் துண்டையும் கொட்டினால் மிரண்டுபோகும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்கள், ஒரு வேலையைக் கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் போகும் முறை ஒன்றைக் கையாளுவார்கள். பசிலுக்கு அது அருமையாகப் பொருந்தும்.

முழுப் படத்தையும் நீங்களே சேர்த்து வையுங்கள். படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள்: "யானை என்ன பண்ணுது? தண்ணி குடிக்குதா? வாலைக் காட்டு பார்ப்போம்." பிறகு ஒரே ஒரு துண்டை எடுத்துக் குழந்தை கையில் கொடுங்கள். ஓட்டை ஒன்றுதான், துண்டும் ஒன்றுதான். இடம் தேட வேண்டியதில்லை, திருப்புவது மட்டும்தான் வேலை. அது பழகியதும் இரண்டு துண்டு, பிறகு மூன்று. ஒவ்வொரு முறையும் பசிலை முடிக்கும் கை குழந்தையுடையது. இரண்டு வாரத்தில் முழுப் பசிலையும் கலைத்துக் கொடுக்கும் நிலை வந்துவிடும், சில பிள்ளைகளுக்கு இரண்டு நாளிலேயே வரும்.

நான்காம் படி: துண்டுகளைப் பிரித்தல்

நாலு வயதை ஒட்டி, துண்டு 24-ஐத் தொடும்போது ஒரு திட்டம் தேவைப்படும். முதலில் எல்லாத் துண்டையும் படம் மேலே தெரிகிற மாதிரி புரட்டிப் போட வேண்டும். இதற்கே மூன்று நிமிடம் ஆகும். அவசரப்படாதீர்கள். புரட்டும்போதே கண் ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை பார்த்துவிடுகிறது.

அப்புறம் மூலைத் துண்டு நாலு, நேர்க்கோடு உள்ள ஓரத் துண்டுகள், மீதி என்று மூன்று குவியல். ஓரத்தை முதலில் கட்டுவதுதான் எல்லோரும் சொல்லும் வழி. சின்னப் பசிலில் அது ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு வரிசை, ஆறு பத்தி உள்ள 24 துண்டுப் பசிலில், மூலையையும் சேர்த்து 16 துண்டு ஓரத்தில் இருக்கும், உள்ளே 8 மட்டும். ஓரம் முடிந்தாலே மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது. ஆறுக்கு எட்டு, 48 துண்டில் சரிபாதி: ஓரம் 24, உள்ளே 24. பத்துக்குப் பத்து, 100 துண்டில் ஓரம் 36, உள்ளே 64. பசில் பெரிதாக ஆக, ஓரம் உதவுவது குறைந்துகொண்டே போகும். 24 துண்டில் ராஜாவாக இருந்த பிள்ளை 100-க்குப் போனதும், சட்டகத்தைக் கட்டிவிட்டு நடுவில் திகைத்து உட்காருவது இதனால்தான். ஏழு வயதுப் பிள்ளையிடம் இந்தக் கணக்கையே ஒரு விளையாட்டாகக் கொடுக்கலாம்: "நாலு மூலையை முதல்ல வச்சுட்டு, ஓரத்துக்கு எத்தனை வேணும்னு எண்ணாமச் சொல்லு."

உள்ளே உள்ள துண்டுகளுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, நிறத்தாலும் படத்தாலும் பிரிப்பது: சிவப்புப் புடவைத் துண்டெல்லாம் ஒரு பக்கம், மரத்தின் இலையெல்லாம் ஒரு பக்கம். சிவப்பையும் பச்சையையும் ஒரு பிள்ளை திரும்பத் திரும்பக் குழப்பினால் கவனக்குறைவு என்று திட்டிவிட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிவதில் பிறவியிலேயே குறை இருக்கும். கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டலாம்.

இன்னொன்று, வடிவத்தால் பிரிப்பது. துண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எங்கள் வீட்டில் மூக்கு என்போம், உள்ளே போயிருப்பதைக் குழி என்போம். ஒரு பக்கத்துக்கு ஒரு மூக்கோ ஒரு குழியோ இருக்கும் வழக்கமான பசிலில், உள்துண்டு ஆறே வகைதான்: நாலும் மூக்கு, மூன்று மூக்கு ஒரு குழி, எதிரெதிரே இரண்டு மூக்கு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூக்கு, ஒரே மூக்கு, நாலும் குழி. எப்படித் திருப்பினாலும் ஏழாவது வகை கிடையாது. ஆறு தட்டு வைத்துப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். எதிரெதிர் மூக்கையும் பக்கத்து மூக்கையும் பிரிக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் நின்று யோசிப்பார்கள். வானம், தண்ணீர் மாதிரி ஒரே நிறமாக இருக்கும் பகுதிக்கு இந்த வழியைத் தவிர வேறு வழியே இல்லை.

ஐந்தாம் படி: கையைக் கட்டிக்கொண்டு பேசுங்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியின் நெஞ்சு இதுதான். பசில் ஆடும்போது பெரியவரின் கை சும்மா இருக்க வேண்டும், வாய் வேலை செய்ய வேண்டும்.

'அங்க வை', 'இல்ல, இது இல்ல', 'அது' போன்ற வார்த்தைகளில் தகவலே இல்லை. குழந்தை நம் விரலைப் பார்க்குமே தவிர, துண்டைப் பார்க்காது. அதற்குப் பதில் இடத்தையும் வடிவத்தையும் சொல்லும் சொற்களைப் போடுங்கள். தமிழில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. மேலே, கீழே, இடது, வலது, நடு, ஓரம், மூலை, நேர், வளைவு, கூர், தலைகீழ், குறுக்கே, எதிரே, ஒட்டி, இடுக்கில், விளிம்பு.

"இந்தத் துண்டுல ஒரு பக்கம் நேரா இருக்கே, அப்போ அது எங்க வரும்?"

"மூக்கு கீழே பார்க்குது. குழி மேலே இருக்கு. திருப்பினா என்ன ஆகும்?"

"வாலோட நுனி இதுல இருக்கு. வாலோட அடி எந்தத் துண்டுல இருக்கு?"

முதல் சில நாள் செயற்கையாகத் தோன்றும். ஒரு வாரத்தில் குழந்தையே அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லும். சூசன் லெவினோடு பணியாற்றிய ஆய்வாளர்கள் 2011-ல் இன்னொரு முடிவையும் வெளியிட்டார்கள். இடமும் வடிவமும் சொல்லும் வார்த்தைகளைப் பெற்றோர் அதிகம் பேசிய வீடுகளில், பிள்ளைகளும் அவற்றை அதிகம் பேசினார்கள். அப்படிப் பேசிய பிள்ளைகள் பிறகு இடம் சார்ந்த சோதனைகளிலும் நன்றாகச் செய்தார்கள். விலை உயர்ந்த பசிலைவிட, பக்கத்தில் உட்கார்ந்து 'விளிம்பு' என்று சொல்லும் ஆள்தான் முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

குழந்தை தனக்குத்தானே முணுமுணுத்தால், "இது இல்ல... இது பெரிசு... திருப்பணும்..." என்று பேசினால், குறுக்கிடாதீர்கள். அது யோசிக்கிற சத்தம்.

ஆறாம் படி: மாட்டிக்கொள்ளும்போது சாரம் கட்டுங்கள்

கட்டடம் எழும்பும்போது கொத்தனார் நிற்கச் சாரம் கட்டுவார்கள். வேலை முடிய முடிய அதைப் பிரித்துவிடுவார்கள். 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் என்ற மூவர், 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைக் கோத்து ஒரு பிரமிடு கட்ட, பெரியவர் ஒருவர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து எழுதினார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயரும் சாரம்தான். குழந்தைக்கு முடியாத அளவுக்கு மட்டும் தாங்கி, முடிய ஆரம்பித்ததும் விலகுவது.

பசிலில் அதை இப்படிச் செய்யலாம். முதலில் சும்மா காத்திருங்கள். மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். பாதி நேரம் இதுவே போதும். அசையவில்லை என்றால் ஒரு கேள்வி: "இந்தத் துண்டுல என்ன தெரியுது?" அப்போதும் நகரவில்லை என்றால் தேடும் இடத்தைச் சுருக்குங்கள்: "இது மேல் பாதியிலதான் வரும்." அடுத்து, தேடும் துண்டுகளைச் சுருக்குங்கள்: இரண்டை மட்டும் எடுத்து முன்னால் வைத்து, "இந்த ரெண்டுல ஒண்ணு. எது?" அதற்கும் மேலே போனால், துண்டைச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திருப்பும் வேலையை விட்டுவையுங்கள். நாமே பொருத்துவது எதற்கும் மசியாதபோது மட்டும். அப்போதும் கடைசி அழுத்து குழந்தையின் விரலால் இருக்கட்டும்.

உதவி கிடைத்ததும் அடுத்த துண்டுக்குத் திரும்பவும் காத்திருப்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். பல வீடுகளில் சாரத்தைக் கட்டிவிட்டுப் பிரிக்க மறந்துவிடுகிறோம்.

பாராட்டுவதிலும் ஒரு விஷயம் உண்டு. "நீ ரொம்ப புத்திசாலிடா" என்பதற்குப் பதில், "மூணு தடவை திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிச்சே" என்று நடந்ததைச் சொல்லுங்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சுலபமான பசிலையே தேடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

துண்டைத் தூக்கி எறிந்து அழுதால், அன்றைக்கு அவ்வளவுதான். "முடிச்சுட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்பது வேண்டாம். தட்டோடு எடுத்து வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம். ராத்திரி தாத்தாவோ அத்தையோ ரகசியமாக முடித்து வைத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: மனப்பாடம் ஆன பசிலைத் தூக்கிப் போடாதீர்கள்

பத்து முறை சேர்த்ததும் குழந்தைக்குப் பசில் மனப்பாடமாகிவிடும். உடனே புதுசு வாங்கத் தேவையில்லை. அதே பசிலில் இன்னும் ஐந்தாறு விளையாட்டு ஒளிந்திருக்கிறது.

பெட்டி மூடியில் இருக்கும் படத்தை மறைத்துவிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அல்லது மூடியைப் பத்து எண்ணும் வரை காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். இரண்டு பசிலின் துண்டுகளைக் கலந்து, இரண்டையும் சேர்க்கச் சொல்லலாம், இது ஐந்து வயதுக்கு மேல் நன்றாக இருக்கும். ஒரு துண்டை ஒளித்து வைத்துவிட்டு, எது இல்லை என்று முடிப்பதற்கு முன்பே சொல்லச் சொல்லலாம். மரத் துண்டுகளாக இருந்தால் துணிப்பைக்குள் போட்டு, பார்க்காமல் தடவியே "மூணு மூக்கு இருக்கறதை எடு" என்று கேட்கலாம்.

எனக்குப் பிடித்தது கவிழ்த்துப் போட்டு ஆடுவது. எல்லாத் துண்டையும் பின்பக்கம் மேலே தெரிய வைத்தால் படமே இல்லை, சாம்பல் அட்டை மட்டும். இப்போது வடிவம் ஒன்றுதான் துணை. 24 துண்டை நாலு நிமிடத்தில் முடிக்கிற பிள்ளைக்குக்கூட இது அரைமணி நேரம் எடுக்கும். ஆறு வயதுக்கு முன்பு வேண்டாம்.

செல்போன் பசில் பற்றி ஒரு வார்த்தை. பல ஆப்களில் துண்டு நேராகவே வந்து நிற்கும், பக்கத்தில் கொண்டுபோனாலே டக்கென்று ஒட்டிக்கொள்ளும். திருப்பும் வேலையே இல்லை. அப்படியானால் பசிலில் பாதி போய்விட்டது. பயணத்தில் எப்போதாவது ஆடுவது வேறு, சின்னக் குழந்தைக்கு அட்டையும் மரமும்தான்.

எட்டாம் படி: வீட்டிலேயே செய்யலாம்

நல்ல பசிலுக்குக் காசு அதிகம் வேண்டியதில்லை. பழைய மாதக் காலண்டர் படம், மேலே சொன்ன அத்தனை குணமும் உள்ள பொருள்: பெரிது, நிறம் அதிகம், சின்னச் சின்ன விவரங்கள் நிறைந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையும் கெட்டியாக, வளையாமல் இருக்கும். காலண்டர் படத்தை அட்டைப்பெட்டியில் மைதா பசை தடவி ஒட்டுங்கள். காற்றுக்குமிழ் இல்லாமல் துணியால் நீவி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். ஈரம் காயாமல் வெட்டினால் படம் உரிந்துவரும்.

வெட்டும் கோடுகளைப் பின்பக்கம் பென்சிலால் போடுங்கள். இரண்டு, மூன்று வயதுக்கு நாலு நேர்த்துண்டு போதும். பெரிய பிள்ளைகளுக்கு அலை அலையாக வெட்டுங்கள். மூக்கும் குழியும் வீட்டுக் கத்தரிக்கு வராது, அலைக்கோடே போதும். வெட்டுவதை முகத்துக்கு நடுவில் கொண்டுபோகாமல், ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் தெரியும்படி எதையாவது விட்டுவையுங்கள்.

கோலப் பசில் ஒன்று செய்து பாருங்கள். சதுர அட்டையில், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியும் புள்ளிக்கோலத்தைப் போட்டு, சரியாக நாலு சதுரமாக வெட்டுங்கள். நாலு துண்டும் ஒரே மாதிரி இருக்கும். எந்தத் துண்டையும் எந்த இடத்திலும் வைக்கலாம், ஆனால் சரியாகத் திருப்பினால்தான் கம்பி கம்பியோடு சேரும். இடம் தேடும் வேலையே இல்லாமல், திருப்புவது மட்டும் மிஞ்சுகிற பசில் இது. நாலு சுலபமானதும் வேறு ஒரு பெரிய கோலத்தைப் போட்டு ஒன்பதாக வெட்டுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் ஸ்பில்ஸ்பரி செய்ததையே செய்யலாம். தமிழ்நாட்டு வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து அட்டையில் ஒட்டி, மாவட்ட எல்லைகளின் மேலேயே வெட்டுங்கள். 38 துண்டு. சென்னைத் துண்டு நகம் அளவில் வரும், அதனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் மேலே எடுத்து வைக்க வேண்டும். கடற்கரை மாவட்டங்களை முதலில் வரிசையாக அடுக்குவது இங்கே ஓரம் கட்டுவதற்குச் சமம். பிறகு கேரளம், கர்நாடகம், ஆந்திரத்தைத் தொடும் மாவட்டங்கள். கடைசியில்தான் நடு. தாத்தா ஊருக்குப் போகும் பேருந்து எந்தெந்தத் துண்டு வழியாகப் போகிறது என்று விரலால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

என்ன மாற்றம் தெரியும்?

வேகத்தைப் பார்க்காதீர்கள். வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் அழுத்துவது குறைகிறதா? துண்டைத் தொடுவதற்கு முன் கண் கொஞ்சம் நின்று தேடுகிறதா? கையில் எடுத்துக்கொண்டு போகும்போதே துண்டு சரியான பக்கம் திரும்பிவிடுகிறதா? மூன்றாவது வரும் நாளில் உங்களுக்கே தெரியும். துண்டு பலகைக்கு வந்து சேருவதற்கு முன், காற்றிலேயே திரும்பிவிடும்.

துண்டை எப்போதும் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தாலோ, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாலோ, கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பசிலே பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டைகளை அடுக்குவது, காகிதம் மடிப்பது, கோலம் போடுவது எல்லாம் இருக்கின்றன. வற்புறுத்த வேண்டாம்.

அப்புறம், ஒரு துண்டு தொலைந்துவிட்டால் பசிலையே தூக்கிப் போடாதீர்கள். மீதியைச் சேர்த்துவிட்டு, ஓட்டைக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை நுழையுங்கள். கூரான பென்சிலால் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி வரையுங்கள், கோட்டின் மேலேயே வெட்டுங்கள். இப்போது கையில் வெறும் வெள்ளைத் துண்டு. சுற்றி உள்ள படத்தைப் பார்த்து, அதில் என்ன இருந்திருக்கும் என்று குழந்தையே வரைந்து வண்ணம் தீட்டட்டும். எங்கள் யானைக்கு ஒரு காது இப்போது மெழுகு வண்ணத்தில் இருக்கிறது.